மூன்றாம் கியரில் முறிந்த பல்: ஒரு ரேஸ் பைக் கியர்பாக்ஸுக்குச் செய்த மேற்பரப்பு வேலைகள்

## பின்னணி

கோயம்புத்தூரில் உள்ள ஒரு சிறிய பட்டறை, தேசிய அளவிலான பைக் பந்தயங்களுக்கு ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளைத் தயார் செய்கிறது. அவர்கள் ஓடும் பிரிவில் கியர் விகிதத்தை மாற்றிக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. அதனால் கம்பெனி கியர்களைக் கழற்றிவிட்டு, உள்ளூரிலேயே செய்த நெருக்க விகித (அடுத்தடுத்த கியர்களுக்கு இடையே வித்தியாசம் குறைந்த) கியர் செட்டைப் போட்டிருந்தார்கள். எஃகு 20எம்.என்.சி.ஆர்.5 ரகம். பல்லின் அளவைக் குறிக்கும் மாட்யூல் 2. கார்பரைசிங் (சூட்டில் மேல்தோலுக்குள் கார்பனைப் புகுத்துவது) செய்து, மேற்பரப்பு ராக்வெல் சி கடினத்தன்மை அளவில் 58 முதல் 62 வரை கடினமாக்கி, பற்களின் பக்கங்களை கிரைண்டிங் செய்தவை. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பைக் கியர்பாக்ஸின் சங்கடம் ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கிளட்ச், எஞ்சின், கியர் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். கிளட்ச் வழுக்கக் கூடாது என்பதால் ஜாசோ எம்.ஏ.2 என்ற பைக் எண்ணெய்த் தரத்துக்கு வெளியே போக முடியாது. கார் கியர்பாக்ஸில் ஊற்றுவது போல அழுத்தம் தாங்கும் கெட்டி எண்ணெயை ஊற்றித் தப்பிக்க வழியில்லை. எண்ணெய் செய்ய முடியாத வேலையை உலோகத்தின் மேற்பரப்புதான் செய்தாக வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டையில் பயிற்சி ஓட்டத்தின்போது மூன்றாம் கியரில் ஒரு உறுமல் கேட்டதாக ஓட்டுநர் சொன்னார். அடுத்த சுற்றில் ஒரு சத்தம், பிறகு இழுவை இல்லை. அவர் உடனே கிளட்சைப் பிடித்து வண்டியை ஓரத்துக்குக் கொண்டுவந்தார். முறிந்த பல்லின் துண்டு வேறொரு கியர் ஜோடிக்குள் சிக்கியிருந்தால் பின்சக்கரம் லாக் ஆகியிருக்கும். இந்த ஆய்வை அணி என்னிடம் கேட்டதற்குக் காரணம் கெட்டுப்போன பயிற்சி இல்லை, இந்த ஆபத்துதான்.

## ஊகங்களும் கேட்ட தீர்வுகளும்

பாகங்கள் என்னிடம் வந்தபோது தீர்ப்பு ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. "ஹீட் ட்ரீட்மென்ட் சரியில்லைங்க" என்றார் தலைமை மெக்கானிக். இருபது வருடத்துக்கு மேல் கை வைத்த அனுபவம் அவருக்கு. கூடவே ஒரு தீர்வும் கொண்டுவந்திருந்தார்: "ஏனுங்க, வெளிநாட்டு டீம்ல கருப்பா ஒரு கோட்டிங் போடறாங்களே, டி.எல்.சி.ன்னு. அதைப் போட்டா தீர்ந்துருமுங்களா?" டி.எல்.சி. என்பது வைரம் போல் கடினமான மெல்லிய கார்பன் பூச்சு. அணி உரிமையாளர் கையில் க்ரையோ ட்ரீட்மென்ட்டுக்கு (பாகத்தைக் கடுங்குளிரில் வைத்தெடுப்பது) ஒரு விலைப்பட்டியல் இருந்தது. அணியின் இளம் பொறியாளர் ஷாட் பீனிங் (சிறு எஃகுக் குண்டுகளால் மேற்பரப்பை அடிப்பது) வேண்டும் என்றார்.

மூன்றுமே உண்மையான வேலைகள். மூன்றும் வெவ்வேறு நோய்க்கானவை. எந்த நோய் என்று யாரும் பார்த்திருக்கவில்லை.

## கண்டவை

முதலில் முறிவு முகம். ஸ்டீரியோ நுண்நோக்கியில் இரண்டு பகுதிகள் தெளிவாகத் தெரிந்தன. ஒரு பகுதி வழவழப்பு. அலை ஒதுங்கிய கடற்கரை மணல் போல மங்கலான வளைகோடுகள். மீதி சொரசொரப்பு. அதாவது பல் ஒரே அடியில் உடையவில்லை. சிறு விரிசல் பல ஓட்டங்களில் மெல்ல வளர்ந்து, மிச்சமிருந்த உலோகம் தாங்காமல் கடைசியில் ஒடிந்திருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் சுமையால் ஏற்படும் ஃபடீக் முறிவு. வளைகோடுகளைப் பின்னோக்கிப் பிடித்துப் போனால் அவை பல்லின் அடியில், சுமை இழுக்கும் பக்கத்து வளைவில், ஒரு சின்னப் படியில் போய் நின்றன. கிரைண்டிங் சக்கரம் பல்லின் பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே கீழே இறங்கி, அடி வளைவைத் தொட்டு விட்டுச் சென்ற படி அது. வளைக்கும் சுமை அதிகபட்சமாக விழும் இடத்தில் ஒரு வெட்டுத் தழும்பு.

அடுத்தது நைட்டல் சோதனை. நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கியரை முக்கி எடுத்தால், கிரைண்டிங் சூட்டில் வெந்த இடம் கருத்த திட்டாகத் தெரியும். முறிந்த கியரில் மட்டுமில்லை, பெட்டியில் இருந்த புது ஸ்பேர் செட்டிலும் சில பற்களில் அந்தத் திட்டு இருந்தது. அந்த இடங்களில் கடினத்தன்மை குறைந்திருக்கும். கார்பரைசிங் கொடுத்த அழுத்து தகைவும் (விரிசலை மூடிப் பிடிக்கும் உள்விசை) இழுவைத் தகைவாக (விரிசலைத் திறக்கும் உள்விசை) மாறியிருக்கும்.

வெட்டி எடுத்த ஒரு பல்லில் நுண்கடினத்தன்மை அளந்தோம். விக்கர்ஸ் என்ற கடினத்தன்மை அளவில், மேற்பரப்பில் 700 விக்கர்ஸுக்கு மேல். ஆழம் போகப் போகக் குறைந்து 550 விக்கர்ஸைத் தொடும் இடம் 0.38 மி.மீ. இந்த மாட்யூலுக்கு அது பொருத்தமான ஆழம். உள்பகுதியும் வேண்டிய அளவு உறுதியாகவே இருந்தது. ஆக ஹீட் ட்ரீட்மென்ட்காரர் மேல் பழி இல்லை. இந்த ஒரு முடிவை மெக்கானிக் ஏற்றுக்கொள்ளத்தான் அதிக நேரம் பிடித்தது. வரைபடத்தை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "சரிங்க, அவருக்கு ஒரு போன் போட்டுர்றேன்" என்றார்.

இது ஒரு நோய். இன்னொன்று முறியாத பற்களில் இருந்தது. பிட்ச் கோட்டுக்கு (பல்லின் உயரத்தில் நடுவாக்கில் ஓடும் கற்பனைக் கோடு) கீழே, பல்லின் பக்கத்தில் சாம்பல் பூத்த மாதிரி மங்கல். பெரிதாக்கிப் பார்த்தால் சில மைக்ரான் அளவுக் குழிகள் நெருக்கமாகக் கிடந்தன: மைக்ரோபிட்டிங். எண்ணெய்ப் படலத்தைவிட மேற்பரப்பின் மேடுகள் உயரமாக இருப்பதால், மேடும் மேடும் உரசி வருவது. இது தனியாகப் பல்லை முறிக்காது. ஆனால் பல்லின் வடிவத்தைத் தின்றுவிடும். அதன்பின் சுமை சீராக விழாது.

மூன்றாவதாக, கியர்களை ஒன்றோடொன்று பூட்டும் டாக்குகள் என்ற பக்கவாட்டு முட்டுகளின் முனை மழுங்கியிருந்தது. சில நேரம் மூன்றாம் கியர் தானாக நழுவுவதாக ஓட்டுநர் முன்பே சொல்லியிருந்தார்.

## எடுத்த முடிவுகள்

வெந்த ஸ்பேர் செட்டை ஒதுக்கினோம். அதையும் பீனிங் செய்து பயன்படுத்தலாமே என்று ஒரு யோசனை வந்தது. பீனிங் போன கடினத்தன்மையைத் திருப்பித் தராது. சூட்டில் நுண்விரிசல் திறந்திருந்தால் அதை மூடி மறைக்கும், அவ்வளவுதான். மறைந்த விரிசல் தெரியும் விரிசலைவிட மோசம்.

பிறகு, மேற்பரப்பு வேலை எதற்கும் முன்னால் வடிவத்தைத் திருத்த வேண்டியிருந்தது. கியர் செய்பவர் பல் வெட்ட சாதாரண ஹாப் என்ற வெட்டுக் கருவியைப் பயன்படுத்தியிருந்தார். அதற்குப் பதில் முனையில் புடைப்பு உள்ள புரோட்யூபரன்ஸ் ஹாப். அது பல்லின் அடியில் கொஞ்சம் கூடுதலாகக் குடைந்துவிடும். பின்னால் வரும் கிரைண்டிங் சக்கரம் பக்கத்தை மட்டும் தேய்க்கும், அடி வளைவைத் தொடாது. இதில் ஒரு சின்ன விலை உண்டு. வாயு கார்பரைசிங்கில் மேல்தோலில் பத்துப் பதினைந்து மைக்ரானுக்கு ஆக்ஸிஜன் புகுந்த பலவீனப் படலம் வரும். கிரைண்டிங் படாத அடியில் அது அப்படியே தங்கிவிடும். அந்தப் பலவீனத்தை ஈடுகட்ட பீனிங் உதவும் என்பதால், அடிக்கு ஷாட் பீனிங் என்று முடிவானது.

எஃகை மாற்றி ஈ.என். 36 ரகத்துக்குப் போகலாமா என்றும் பேசினோம். நல்ல எஃகுதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எஃகு அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம்.

### ஷாட் பீனிங்கும் ஷாட் பிளாஸ்டிங்கும்

ஃபவுண்டரிகள் நிறைந்த கோயம்புத்தூரில் ஷாட் பிளாஸ்டிங் மெஷினுக்குப் பஞ்சமில்லை. வார்ப்பின் மணலையும் துருவையும் நீக்கும் மெஷின்கள் அவை. "அதே மெஷின்தானுங்க, அதே குண்டுதானுங்க" என்று ஒரு பட்டறைக்காரர் உறுதியாகச் சொன்னார். பீனிங்கின் வலுவை அளக்கும் ஆல்மென் ஸ்ட்ரிப் இருக்கிறதா என்று கேட்டதும் பேச்சு நின்றது.

பீனிங் என்பது சுத்தம் செய்வதில்லை. ஒவ்வொரு குண்டும் மேல்தோலை ஒரு துளி விரிக்கப் பார்க்கிறது. கீழே இருக்கும் உலோகம் விடாமல் பிடிக்கிறது. அதனால் மேல்தோல் நிரந்தரமாக அழுத்தத்தில் நிற்கிறது. விரிசல் திறக்க வேண்டுமானால் முதலில் அந்த அழுத்தத்தைத் தாண்ட வேண்டும். எவ்வளவு வலுவாக அடிக்கிறோம் என்று அளக்க ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த ஜான் ஆல்மென் கண்ட வழி இன்றும் அதேதான்: ஒரு ஸ்பிரிங் எஃகுப் பட்டையை ஒரு பக்கம் மட்டும் அடித்து, அது எவ்வளவு வளைகிறது என்று பார்ப்பது. அடிக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கினாலும் வளைவு 10 சதவீதத்துக்கு மேல் கூடாத புள்ளிதான் அந்த அமைப்பின் தீவிரம். பிளாஸ்டிங் பட்டறையில் இந்த அளவீடும் இருக்காது, உடைந்த குண்டுகளைச் சலித்து நீக்கும் ஏற்பாடும் இருக்காது. உடைந்த குண்டின் கூர்முனை பல்லின் அடியில் புது வெட்டுத் தழும்பை உண்டாக்கும். எதை நீக்கப் போராடுகிறோமோ அதையே காசு கொடுத்து வாங்கியதாக ஆகிவிடும்.

விமானப் பாகங்களுக்குப் பீனிங் செய்யும் வெளியூர்க் கூடம் ஒன்றுக்கு அனுப்பினோம். குண்டின் அளவைக் கணக்குப் போட்டுத்தான் தேர்ந்தோம். மாட்யூல் 2 பல்லின் அடி வளைவு ஆரம் சுமார் 0.76 மி.மீ. குண்டின் விட்டம் அதில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது நடைமுறை விதி. இல்லாவிட்டால் குண்டு வளைவின் அடியைச் சரியாகத் தொடாது. எஸ்-170 குண்டு 0.43 மி.மீ., கொஞ்சம் பெரிது. எஸ்-110 குண்டு 0.28 மி.மீ., சரி. கடினத்தன்மை 55 முதல் 62 ராக்வெல் சி. சாதாரண 45 முதல் 52 வரையுள்ள குண்டு கார்பரைஸ் செய்த பல்லில் மோதினால் பல்லைவிடக் குண்டுதான் நசுங்கும். தீவிரம் ஆல்மென் ஏ-வகைப் பட்டையின் வளைவில் 0.20 முதல் 0.25 மி.மீ. வரை, பரப்பு நிறைவு 200 சதவீதம் (முழுப் பரப்பும் அடிபட ஆகும் நேரத்தைப் போல் இரு மடங்கு). ஸ்ப்ளைன் (தண்டைக் கோத்துப் பிடிக்கும் வரிப்பள்ளங்கள்), துளை, டாக் முகம் எல்லாவற்றையும் மூடிவைத்தே அடிக்கச் சொன்னோம்.

### பக்கங்களுக்கு சூப்பர்ஃபினிஷ்

மைக்ரோபிட்டிங்குக்கு பீனிங் மருந்தில்லை. சொல்லப்போனால் பீனிங் பக்கத்தைக் கொஞ்சம் முரடாக்கும். எனவே அதன் பிறகு வைப்ரேட்டர் தொட்டியில் ரசாயனத்தோடு மெருகு. இதில் தேய்ப்புத் துகள் கிடையாது. மென்மையான அமிலக் கலவை மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கும். பீங்கான் கற்கள் அதிர்ந்து உரசும்போது மேடுகளின் மேல் இருக்கும் படலம் மட்டும் போகும், பள்ளங்கள் தப்பிக்கும். மறுபடி படலம், மறுபடி உரசல். மேடுகள் தரைமட்டமாகும். மொத்தத்தில் சில மைக்ரான்தான் போகும். பீனிங்கின் உச்ச அழுத்தம் அதைவிட ஆழத்தில் இருப்பதால் அதற்குச் சேதமில்லை. வரிசை மாறினால் கதை வேறு. முதலில் மெருகு, பிறகு பீனிங் என்றால் மெருகு வீண்.

இதன் பலனைக் கணக்கில் பார்க்கலாம். சூடான எண்ணெயின் படலம் 0.2 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கியரும் கிரைண்டிங் முடிந்து சராசரி முரட்டுத்தனம் 0.4 மைக்ரான் என்றால், கூட்டு முரட்டுத்தனம் (இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி எடுத்த வர்க்கமூலம்) 0.57. படலம் அதில் 0.35 பங்குதான், உலோகத்தோடு உலோகம் உரசுகிறது. இரண்டையும் 0.1-க்குக் கொண்டுவந்தால் கூட்டு 0.14, விகிதம் 1.4. எண்ணெயை மாற்றாமலே இது கிடைக்கிறது. செலவு மிச்சம் என்று ஒரு கியரை மட்டும் மெருகு செய்தால் கூட்டு 0.41, விகிதம் பாதியைக்கூடத் தாண்டாது. உரிமையாளர் அந்தச் சிக்கனத்தைத்தான் முதலில் கேட்டார். இந்தக் கணக்கைப் பார்த்ததும் விட்டுவிட்டார்.

இந்த இரண்டு வேலைக்கும் ஆய்வுக்கூடச் சான்று உண்டு. 9310 ரக எஃகு கியர்களில் ஷாட் பீனிங், பல்லின் பக்கத்தில் குழி விழும்வரையிலான பிட்டிங் ஆயுளை 1.6 மடங்காக்கியதாக நாசாவின் லூயிஸ் மையம் 1982-ல் வெளியிட்டது. அதே மையம் கிளென் என்று பெயர் மாறிய பிறகு, 2000-ல் வந்த அறிக்கையில், மெருகு செய்த கியர்களின் ஆயுள் ஏறக்குறைய 4 மடங்கு. அவை கட்டுப்படுத்திய சோதனைகள்; பந்தய வண்டியில் அதே மடங்கு கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது தவறு.

முதல் மாதிரியை மெருகு செய்தபோது ஒன்று தெரிந்தது. பீங்கான் கற்கள் டாக்குகளின் விளிம்பையும் உருட்டிவிட்டன. ஏற்கெனவே மழுங்கும் டாக்குக்கு இது எதிர் வேலை. அடுத்த மாதிரி முதல் டாக்குகளுக்குப் பாலியூரித்தேன் மூடி போட்டோம்.

### வேண்டாம் என்று வைத்தவை

டி.எல்.சி.யைத் தள்ளிவைத்தோம். அதன் இடம் ஃபிங்கர் ஃபாலோயர் (வால்வைத் தள்ளும் சிறு கை), பிஸ்டன் பின் போன்ற சறுக்கு உரசல் பாகங்கள். பல்லின் அடியில் தொடங்கும் விரிசலுக்கு இரண்டு மூன்று மைக்ரான் பூச்சு எதுவும் செய்யாது. சில பூச்சு முறைகளில் பாகம் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும். கார்பரைஸ் செய்த கியரை அதற்கும் குறைவான சூட்டில்தான் டெம்பர் (கடினமாக்கிய பிறகு மிதமாகச் சூடாக்கிப் பக்குவப்படுத்துவது) செய்திருப்பார்கள். பூச்சு வந்து, கடினத்தன்மையும் பீனிங் அழுத்தமும் போனால் என்ன லாபம்?

க்ரையோவும் வேண்டாம் என்றோம். குவென்ச் (சூடான எஃகைச் சட்டென்று குளிர்விப்பது) முடிந்த கையோடு, டெம்பருக்கு முன் செய்தால் மிச்ச ஆஸ்டினைட்டை (கடினமாக மாறாமல் தங்கிவிட்ட மென்மையான எஃகு அமைப்பு) குறைக்கும். டெம்பர், கிரைண்டிங் எல்லாம் முடிந்து மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த கியரில் ஆஸ்டினைட் நிலைத்துப் போயிருக்கும். தவிர, கொஞ்சம் ஆஸ்டினைட் இருப்பது பல்லின் பக்கத்துக்கு நல்லதுதான்.

### எஞ்சின் பக்கம் ஒரு பார்வை

கியருக்காகத் திறந்த எஞ்சினில், பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடையும் பார்த்தோம். கண்ணாடி போல மெருகிட்டிருந்தார்கள். பழைய ட்யூனிங் வழக்கம் இது. ஃபோர்ஜிங் தோலை நீக்குவது விரிசல் தொடங்கும் இடங்களைக் குறைக்கும் என்பதும் உண்மை. ஆனால் அந்த ராட் தொழிற்சாலையிலேயே பீனிங் செய்து வந்தது. மெருகு அந்த அழுத்தப் படலத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. மெருகு செய்தால் மறுபடி பீனிங் செய்தாக வேண்டும். அந்த ராட் எத்தனை பந்தயம் ஓடியது என்ற பதிவு இல்லாததால் புது ராட் போட்டு, அதைத் தொடவேண்டாம் என்று சொன்னோம். வால்வு ஸ்பிரிங்குகள் அப்படியே விடப்பட்டன.

## விளைவு

புதிய ஹாபில் செய்த மூன்று செட் தயாரானது. ஒன்று எந்த மேற்பரப்பு வேலையும் இல்லாமல். ஒன்று பீனிங் மட்டும். ஒன்று பீனிங்கும் மெருகும். மூன்று வண்டிகளில் போட்டு, பயிற்சியிலும் பந்தயத்திலும் ஓடவிட்டு, இடையிடையே பிரித்துப் பார்த்தார்கள்.

மேற்பரப்பு வேலை எதுவும் செய்யாத செட்டில் மூன்றாம் கியரின் பக்கத்தில் சாம்பல் மங்கல் மறுபடி தொடங்கியது. பீனிங் மட்டும் செய்த செட்டில் ஆரம்ப ஓட்டத்திலேயே மங்கல் இன்னும் சீக்கிரம் வந்தது. எண்ணெய் வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் ஒட்டிய பொடியும் அதிகம். முரட்டுப் பரப்பு தானாகத் தேய்ந்து படிவதன் அடையாளம் அது. மூன்றாவது செட்டில் மெருகு அப்படியே இருந்தது. காந்தத்தில் மெல்லிய கறுப்புப் பசை மட்டும்.

பல் எந்த செட்டிலும் முறியவில்லை. இளம் பொறியாளர் இதை பீனிங்கின் வெற்றி என்று அறிக்கையில் எழுதியிருந்தார். பீனிங் இல்லாத செட்டிலும்தான் முறியவில்லை. அடி வளைவில் படி இல்லாமல் போனதும், கிரைண்டிங் வேகத்தைக் குறைத்து வெந்த திட்டுகளை ஒழித்ததுமே போதுமாக இருந்திருக்கலாம். என் கணிப்பில் முறிவை நிறுத்தியது ஹாப். பீனிங் கூடுதல் காப்பு. மூன்று வண்டிகளை வைத்து இதற்கு மேல் சொல்ல முடியாது. எண்ணெய்ச் சூடு குறைந்ததாக ஒரு பேச்சு வந்தது. அந்த நாட்களின் வெயிலும் ஓட்டுநர்களும் வேறு என்பதால் அதைப் பதிவில் சேர்க்கவில்லை.

கியர் நழுவுவது மட்டும் நிற்கவில்லை. நிற்கவும் வாய்ப்பில்லை. டாக்கின் பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருந்தால்தான் சுமை வரும்போது கியர்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். அந்தச் சாய்வு இந்த செட்டுகளில் போதவில்லை. எந்த மெருகும் அதைத் தராது. சாய்வைக் கூட்டி அடுத்த தொகுதிக்கு வரைபடம் திருத்தப்பட்டது.

## மாறியவை, இனி மாற வேண்டியவை

கியர் ஆர்டரில் இப்போது வேலை வரிசை எழுதப்படுகிறது: கார்பரைசிங், டெம்பர், கிரைண்டிங், நைட்டல் சோதனை, பீனிங், மெருகு. பீனிங் முடிந்த பல்லில் கிரைண்டிங் சக்கரம் படக் கூடாது, பாகம் டெம்பர் சூட்டைத் தாண்டக் கூடாது என்று இரண்டு வரிகள். ஒவ்வொரு தொகுதியோடும் ஒரு ஆல்மென் வரைபடமும், வெட்டிப் பார்க்க ஒரு கூடுதல் கியரும் வர வேண்டும். அந்தக் கூடுதல் கியருக்குப் பணம் கொடுக்க உரிமையாளர் இன்னும் முனகுகிறார். அதைக் கைவிட்டால் மற்ற வரிகளெல்லாம் நம்பிக்கையின் பேரில்தான் நிற்கும்.

மெருகால் பல்லின் தடிமன் குறைவதை கிரைண்டிங் கட்டத்திலேயே கணக்கில் எடுக்க வேண்டும். இந்த முறை பேக்லாஷ் (ஜோடிப் பற்களுக்கு நடுவே உள்ள சிறு இடைவெளி) வரம்புக்குள் நின்றது, ஆனால் இடம் அதிகமில்லை. பீனிங் மட்டும் செய்த செட் இனி வேண்டாம்: மெருகு செய்ய முடியாவிட்டால் பக்கங்களை மூடி, அடியை மட்டும் அடிக்க வேண்டும். ஒரு செட் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற பதிவு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. பீனிங்கும் மெருகும் செய்த செட்டைப் பந்தய வண்டியிலிருந்து கழற்றி, பயிற்சி வண்டியில் போட்டிருக்கிறார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் பிரித்து, முதல் மங்கல் எப்போது வருகிறது என்று பார்க்கும்வரை அது அங்கே ஓடும். பந்தய வண்டிக்கான மாற்று இடைவெளி அந்த எண்ணை வைத்துத்தான் முடிவாகும்.